ஆற்றில் சால்மன் நிறைய வரும்போதே மீன்பிடி சீசனை ஏன் மூடுகிறார்கள்?

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் தூண்டில்காரர்களின் நியாயமான எரிச்சல் இது. அந்த ஆற்றின் பான்வில் அணையில், மீன்கள் அணையைத் தாண்டி மேலே ஏறிப்போகப் படிப்படியாகக் கட்டிய நீர்வழி உண்டு, அதை மீன் ஏணி என்பார்கள். அதில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து, ஏறிப்போகும் மீன்களை எண்ணுகிறார்கள். எண்ணிக்கை எகிறும் வாரத்திலேயே 'சீசன் முடிந்தது' என்று அறிவிப்பு வந்தால் யாருக்குத்தான் கடுப்பாகாது?

விஷயம் என்னவென்றால், 'நல்ல வரத்து' என்பது ஒரே கூட்டம் அல்ல. பல கிளையாறுகளில் பிறந்த மீன்கள் கலந்து வருகின்றன. ஒரு கூட்டம் செழிப்பாக இருக்கும், இன்னொன்று நலிந்திருக்கும். கொலம்பியாவின் கிளையாறான ஸ்நேக் ஆற்றுக்கு இலையுதிர்காலத்தில் வரும் சினூக் என்ற சால்மன் வகை 1992-லிருந்தே சட்டப் பாதுகாப்பில் உள்ளது. நலிந்த கூட்டத்தில் இத்தனைதான் சாகலாம் என்று முன்கூட்டியே வரம்பு வைப்பார்கள். அதைத் தொட்டதும் சீசன் மூடப்படும்.

பத்து மூட்டை நெல்லில் நாலு படி விதைநெல் கலந்துவிட்டது என்று வையுங்கள். எங்கே அள்ளினாலும் கொஞ்சம் விதைநெல்லும் வரும். மூட்டை நிறைய இருந்தும், அள்ளுவதை நிறுத்தத்தான் வேண்டும்.

சரி, பிரித்தறியவே முடியாதா? ஓரளவு முடியும். பண்ணையில் பொரித்த குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் வாலுக்கு முன்னால் முதுகில் இருக்கும் சின்னச் சதைத்துடுப்பை வெட்டிவிடுவார்கள். துடுப்பு முழுசாக இருந்தால் அது இயற்கையில் பிறந்ததாக இருக்கலாம். ஆனால் எந்தக் கிளையாறு என்று பார்த்துச் சொல்ல முடியாது.

'பிடித்துத் திரும்ப விட்டால் கணக்கில் வராதே' என்பார்கள். வரும், விட்ட மீன்களிலும் ஒரு பங்கு செத்துப்போகும், அதையும் சேர்த்துத்தான் வரம்பு.