பாஸ்வேர்டு மேனேஜர் வாங்கியாச்சு, வீட்டில்தான் யாரும் தொடுவதில்லை

கேள்வி: எல்லா பாஸ்வேர்டுகளையும் ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் ஆப் ஒன்றைக் காசு கட்டி வாங்கி, அம்மா போனிலும் போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நாளிலேயே பழைய டைரிக்குத் திரும்பிவிட்டார். திறக்கும்போதெல்லாம் அந்த நீளமான பாஸ்வேர்டைக் கேட்கிறதாம், 'சேமிக்கவா?' என்று இரண்டு பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று வருகிறதாம். இதைவிட சுலபமானதாக எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். அம்மா சொல்லும் இரண்டு தொல்லையுமே செட்டிங்ஸில் தீருகிற விஷயம், வேறு கம்பெனிக்குப் போனாலும் அதே பெட்டிகள் அங்கேயும் வரும்.

இரண்டு பெட்டி வருவது ஏனென்றால், ஒன்று நீங்கள் வாங்கிய ஆப் கேட்பது, இன்னொன்று பிரவுசர் தன் பங்குக்குக் கேட்பது. பிரவுசர் செட்டிங்ஸில் பாஸ்வேர்டு பகுதிக்குப் போய் அது சேமிக்கக் கேட்பதை நிறுத்துங்கள். அப்புறம் போன் செட்டிங்ஸில் 'ஆட்டோஃபில்' (பாஸ்வேர்டைத் தானாக நிரப்பும் வசதி) என்று தேடி, உங்கள் ஆப்பை மட்டும் தேர்ந்தெடுங்கள். திறப்பதற்குக் கைரேகையைப் போட்டுவிட்டால் நீளமான பாஸ்வேர்டைத் தட்டும் வேலை பெரும்பாலும் போய்விடும். ஆனால் மாதக்கணக்கில் தட்டாமலே இருந்தால் அது மறந்தே போகும், அதனால் எப்போதாவது ஒருமுறை அம்மாவையே தட்டச் சொல்லுங்கள்.

ஆப்பைத் திறக்கும் அந்த நீளமான பாஸ்வேர்டை, அதாவது மாஸ்டர் பாஸ்வேர்டையும் பாருங்கள். @, #, $ எல்லாம் கலந்து வைத்திருந்தால் போன் கீபோர்டில் பக்கம் மாற்றி மாற்றித் தட்டியே மனுஷருக்கு வெறுத்துவிடும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சாதாரணச் சொற்களை வரிசையாக வையுங்கள், பாட்டு வரி மட்டும் வேண்டாம். அதைத் தாளில் எழுதி அலமாரியில் வைப்பதில் தப்பே இல்லை, பெரும்பாலான சேவைகளில் மறந்துபோன மாஸ்டர் பாஸ்வேர்டை கம்பெனியாலேயே எடுத்துத் தர முடியாது. பாஸ்வேர்டு மேனேஜர் விற்கும் ஒன்பாஸ்வேர்ட் கம்பெனியே 'எமர்ஜென்சி கிட்' என்று ஒரு பக்கம் கொடுத்து, அச்சிட்டுப் பத்திரமாக வைக்கச் சொல்கிறது. டைரி வைத்திருக்கும் அம்மாவுக்கு இது புதுசும் இல்லை.

சந்தா முடியும்போது யோசியுங்கள். பிட்வார்டன் என்ற இன்னொரு பாஸ்வேர்டு மேனேஜரின் இலவசத் திட்டத்திலேயே எத்தனை பாஸ்வேர்டும், எத்தனை கருவியிலும் வைக்கலாம். வீட்டில் எல்லோரும் ஐபோன்தான் என்றால் 2024-ல் ஐஓஎஸ் 18-ஓடு வந்த 'பாஸ்வேர்ட்ஸ்' ஆப்பே போதும். நூறு வசதி இருந்து அம்மா திறக்காத ஆப்புக்குப் பணம் கட்டுவது வீண் என்பேன்.

கேள்வி: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து, அதுவே திருடு போனால்?

பதில்: நடந்திருக்கிறது. 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜரின் வாடிக்கையாளர்கள் பாஸ்வேர்டு வைத்திருந்த பெட்டகங்களைத் திருடர்கள் நகலெடுத்துக்கொண்டு போனார்கள். பாஸ்வேர்டுகள் பூட்டிய நிலையில்தான் இருந்தன, இணையதள முகவரிகள் போன்றவை பூட்டில்லாமல் இருந்தன. மாஸ்டர் பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தவர்களுக்குத்தான் பெரிய ஆபத்து. இருந்தாலும் ஒரே பாஸ்வேர்டைப் பத்து இடத்தில் போடுவதைத்தான் நான் இதைவிட மோசம் என்பேன், எங்கோ ஒரு சின்னத் தளத்தில் கசிந்தால் மெயில் வரைக்கும் போய்விடும்.

இன்னொரு லாபமும் உண்டு. வங்கியின் பக்கம் மாதிரியே ஒரு போலிப் பக்கம் வந்தால் நம் கண் ஏமாறும், ஆப் முகவரியைப் பார்ப்பதால் நிரப்பாமல் சும்மா இருக்கும். நிஜப் பக்கத்திலும் சிலசமயம் அப்படி அடம் பிடிக்கும்தான், ஆனாலும் அது நிரப்பாத இடத்தில் அவசரப்பட்டு காப்பி செய்து ஒட்டாமல் முதலில் முகவரியைப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய பாஸ்வேர்டுகளை எல்லாம் உட்கார்ந்து ஏற்றணுமா?

பதில்: வேண்டாம், அதில்தான் பாதிப்பேர் கைவிடுகிறார்கள். மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை முதலில் ஆப்புக்கு மாற்றுங்கள், மற்றதெல்லாம் அடுத்தமுறை லாகின் செய்யும்போது தானாகச் சேரட்டும். பிரவுசரில் இருப்பதை மொத்தமாக எடுத்தால் வருகிற சிஎஸ்வி ஃபைலில் (பூட்டில்லாத வெறும் பட்டியல்) பாஸ்வேர்டுகள் அப்பட்டமாகத் தெரியும், ஏற்றி முடித்ததும் டவுன்லோட்ஸிலிருந்தும் குப்பைத்தொட்டியிலிருந்தும் அதை அழித்துவிடுங்கள்.