வட்டியில்லாமல் ஒரு கடற்கரை விடுமுறை: கையில் எவ்வளவு வேண்டும்?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் ஆம்பூரில் வசிக்கிறோம். என் கணவர் காலணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். பிடித்தம் போக மாதம் 48,000 ரூபாய் வருகிறது. 14, 9 வயதில் இரண்டு பிள்ளைகள், 66 வயதில் மாமியார் என மொத்தம் ஐந்து பேர். வரும் ஜனவரியில் ஒரு கடற்கரை ஊரில் நான்கு நாட்கள் ஓய்வாகத் தங்கிவர விரும்புகிறோம். ஹலால் உணவும் தொழுகை வசதியும் இருக்க வேண்டும், மாமியாருக்கு அலைச்சல் இருக்கக் கூடாது. ஒரு பயண நிறுவனம் கோவாவுக்கு 1,10,000 ரூபாய் பேக்கேஜைக் கிரெடிட் கார்டில் 'நோ காஸ்ட் இஎம்ஐ'யாகத் தருகிறது. வட்டியே கிடையாது என்கிறார்கள். எங்களால் ஜூன் முதல் மாதம் 6,000 ரூபாய் சேமிக்க முடியும். என்ன செய்யலாம்?

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம், சகோதரி. ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அந்தத் தவணைத் திட்டத்தைப் பார்த்துவிடுவோம். ஏனெனில் உணவில் ஹலால் தேடிப் போகும் பயணத்துக்கான பணமே வட்டிக் கடனாக வருவதை நீங்கள் விரும்பமாட்டீர்கள்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்பது வட்டியில்லாக் கடன் அன்று. வங்கி தன் வழக்கமான வட்டியில்தான் கடன் தருகிறது. அந்த வட்டிக்குச் சமமான தொகையை விற்பவர் தொடக்கத்திலேயே விலையில் தள்ளிவிடுவதால், தவணைகளைக் கூட்டினால் பழைய விலையே வருகிறது. சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒருவர் இவ்வாறு துணி துவைக்கும் இயந்திரம் வாங்கியிருந்தார். அவருடைய கார்டு கணக்கறிக்கையில் முதல் தவணைக்குக் கீழே 'வட்டி 412.00' என ஒரு வரியும், 'ஜிஎஸ்டி 74.16' என மற்றொரு வரியும் தனித்தனியாக அச்சாகியிருந்தன. வட்டியின் மீதான அந்த 18 சதவீத ஜிஎஸ்டியை விற்பவர் ஏற்பதில்லை. வாங்குபவரே கட்ட வேண்டும். இதற்கு மேல் செயலாக்கக் கட்டணமும் உண்டு. பயணத்தை ரத்து செய்தாலும் அது பொதுவாகத் திரும்ப வராது. மார்க்கத் தீர்ப்பு சொல்வது என் வேலையன்று. ஆனால் 'வட்டி' என்ற சொல் உங்கள் பெயரில் மாதந்தோறும் அச்சாகும் ஓர் ஒப்பந்தத்தை வட்டியில்லாதது என நான் சொல்லமாட்டேன். தவிர, 48,000 ரூபாய் வருமானத்தில் நான்கு நாட்களுக்கு 1,10,000 ரூபாய் என்பது வட்டி இல்லாவிட்டாலும் அதிகம்தான்.

கோவாவுக்குப் பதிலாக வட கேரளத்துக் கண்ணூரை எண்ணிப்பாருங்கள். ஜோலார்பேட்டையில் இரவு வண்டி ஏறினால் மறுநாள் காலையில் அங்கே இறங்கிவிடலாம். ஊரின் சாதாரண உணவகங்களிலேயே ஹலால் உணவு கிடைப்பதால், ஹலாலுக்கென்று தனி விலை கொடுக்க வேண்டியதில்லை. கல்லுமக்காய் என்னும் கடல் சிப்பியும் கைமா என்னும் சிறுமணி அரிசித் தலச்சேரி பிரியாணியும் அங்கே அன்றாடச் சாப்பாடு (சீரகச் சம்பா பிரியாணிக்குப் பெயர்போன ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்). தலச்சேரிக்குப் போகும் வழியிலுள்ள முழப்பிலங்காடு கடற்கரை, ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்கு மணலிலேயே கார் ஓட்டக்கூடிய இடம். உங்கள் மாமியார் வண்டியில் அமர்ந்தபடியே அலையைப் பார்க்கலாம். கேரளத்தின் ஒரே முஸ்லிம் அரச குடும்பமான அறக்கல் வம்சத்தின் அரண்மனை நகரத்துக்குள்ளேயே அருங்காட்சியகமாக இருக்கிறது. 'பீவி' என்ற பட்டத்துடன் பெண்களும் அங்கே ஆண்டார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பள்ளிவாசல்களுக்குக் குறைவில்லை, மலபாரில் ஷாஃபி சட்டப்பள்ளியின் வழக்கம் என்பதால் அஸர் (பிற்பகல் தொழுகை) பாங்கு உங்கள் ஊரைவிட முன்னதாகக் கேட்கும், அவ்வளவுதான்.

பயணத் தேதியையும் கவனியுங்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை கடலோர அறைகளின் வாடகை ஏறிவிடும். பொங்கல் விடுமுறையோ நமக்குத்தான் பெரிய விடுமுறை, கண்ணூருக்கு அது சாதாரண வாரம். மழை இராது, கடலும் அமைதியாக இருக்கும். 2027 ரமலான் பிப்ரவரி 8-ஐ ஒட்டித் தொடங்கும் என்பதால், திரும்பி வந்து நோன்புக்கும் பெருநாள் செலவுக்கும் தயாராக மூன்று வாரங்களாவது கிடைக்கும்.

செலவில் உங்கள் கையில் மாற்றக்கூடிய பெரிய பகுதி அறை வாடகைதான். ஓர் அறையின் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். ஐந்து பேரும் தங்கக்கூடிய பெரிய அறையை 7,600 ரூபாய்க்கு எடுத்தால் வரியுடன் 8,968 ரூபாய் ஆகிறது. அதற்குப் பதிலாக 3,500 ரூபாய் அறைகள் இரண்டை அருகருகே எடுத்தால், வரி ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியே கணக்கிடப்படுவதால் 7,350 ரூபாயில் முடிகிறது. மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் தனி அறையும் கிடைக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்கு நேரடியாகத் தொலைபேசியில் பேசி, மதுக்கூடம் உண்டா, சமையலறையில் ஹலால் இறைச்சிதானா, நீச்சல் குளம் இருந்தால் பெண்களுக்குத் தனி நேரம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியுள்ள அறையையே பதிவு செய்யுங்கள்.

மூன்று இரவுகளுக்கு அறை வாடகை 22,050 ரூபாய். மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியில் ஐவரும் போய்வர 10,000, நான்கு நாள் உணவுக்கு 10,000, உள்ளூர் வாடகைக் காருக்கு 8,000, அல்வா முதலான சில்லறைச் செலவுக்கு 4,000 ரூபாய் ஒதுக்கினால் 54,050 ரூபாய் வருகிறது. திடீர்ச் செலவுக்கும் சேர்த்து 60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் வரை ஏழு மாதங்களில் நீங்கள் 42,000 ரூபாய் சேர்த்திருப்பீர்கள். மீதி 18,000 ரூபாயைக் கணவரின் தீபாவளி போனஸிலிருந்து எடுக்கலாம். போனஸ் குறைந்தால் ஓர் இரவைக் குறையுங்கள். அறை, உணவு, கார் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 12,000 ரூபாய் மிச்சமாகும். கார்டைத் தேய்க்க வேண்டாம்.

சேமிக்கும் பணத்தை எங்கே வைப்பது என்பதுதான் உங்களைப் போன்றவர்களுக்குக் கடினமான கேள்வி. தொடர் வைப்பு வட்டி தரும் கணக்கு, எனவே வேண்டாம். ஷரீஆ முறைப்படி நடத்தப்படும் பங்குச்சந்தை நிதிகள் இந்தியாவிலும் இருக்கின்றன. அவை பத்தாண்டுத் தேவைக்கு ஏற்றவை, ஏழு மாதத்தில் வேண்டிய பணத்துக்கு ஏற்றவை அல்ல. ஜனவரியில் சந்தை சரிந்திருந்தால் உங்கள் அறை வாடகையும் அதனுடன் போய்விடும். ஏலச்சீட்டில் தள்ளுபடிக்குக் கேட்டு எடுப்பது பற்றிப் பல ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) தயங்குகிறார்கள். உறவினருக்குள் எல்லோரும் ஒரே தொகையைக் கட்டி, ஒரே முழுத் தொகையைப் பெறும் குலுக்கல் சீட்டு இருந்தால் அதில் சேரலாம். இல்லையெனில் வீட்டுச் செலவுக் கணக்கிலிருந்து பிரித்து ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு போதும். அதில் சேரும் சிறு வட்டியைப் பலர் நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சமுதாயப் பொதுநிதியான பைத்துல் மாலில் வட்டியில்லாக் கடன் கிடைக்கும் என்று யாரேனும் சொன்னாலும், அது மருத்துவத்துக்கும் படிப்புக்கும் தவிப்பவர்களுக்கான பணம். விடுமுறைக்கு அதைத் தொட வேண்டாம்.

கடைசியாக, பயணச்சீட்டு. முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும் என்பதால், நவம்பர் நடுவில் 10,000 ரூபாய் கையில் தயாராக இருக்க வேண்டும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. 9 வயதுப் பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். மாமியாரின் வயதைச் சரியாகப் பதிந்து, முன்பதிவு திறக்கும் நாளில் காலை 8 மணிக்கே பதிவு செய்தால், கீழ்ப் படுக்கை கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.