தாய் சி: முழங்கால் வலி முதல் பி.பி. வரை வாசகர் கேள்விகள்

கேள்வி: வயது 62. மூட்டுத் தேய்மானம் இருக்கிறது. தாய் சி (மெதுவான அசைவுகளால் ஆன சீன உடற்பயிற்சி) தொடங்கிய மூன்றாவது வாரத்திலேயே முழங்காலின் உட்பக்கம் வலிக்கிறது. விட்டுவிடலாமா?

வலி தரும் அசைவை மட்டும் நிறுத்துங்கள். பயிற்சியையே விட வேண்டாம். இந்த வலிக்குப் பெரும்பாலும் காரணம், எடை ஏறிய காலைத் திருப்புவதுதான். பாதம் தரையில் அழுந்தி நிற்க, இடுப்பு மட்டும் சுழன்றால் அந்த முறுக்கு முழுவதையும் முழங்கால்தான் தாங்க வேண்டியிருக்கும்.

இடது காலை முன்வைக்கும்போது எடை முழுக்க வலது காலில் இருக்கட்டும். இடது குதிகால் முதலில் சத்தமில்லாமல் தரையைத் தொட வேண்டும். அந்த நிலையில் அந்தக் காலைத் தடுமாறாமல் திரும்பத் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் எடையை அவசரப்பட்டு மாற்றிவிட்டீர்கள் என்று பொருள். அடுத்துப் பாதம் முழுவதும் படியட்டும். அதன் பிறகே எடையை முன்னால் நகர்த்துங்கள். முன்காலில் சுமார் 70 சதவீதம், பின்காலில் 30. முழங்கால் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்க வேண்டும். உள்ளே சரியவோ விரல் நுனியைத் தாண்டவோ கூடாது. இரு குதிகால்களுக்கும் இடையே பக்கவாட்டில் ஒரு சாண் இடைவெளி வேண்டும். இரண்டும் ஒரே கோட்டில் வந்தால் தள்ளாடுவீர்கள், அதைச் சமாளிக்க முழங்கால் வளையும்.

அடுத்த அடிக்குத் திரும்பும்போது எடையை முதலில் பின்காலுக்குக் கொண்டுபோங்கள். முன்பாதத்தின் விரல்களைச் சற்றுத் தூக்கி, குதிகாலை அச்சாக வைத்து 45 பாகை வெளிப்பக்கம் திருப்பி, பிறகு எடை ஏற்றுங்கள். தாழ்ந்து நிற்க ஆசைப்பட வேண்டாம். முழங்கால் லேசாகத் தளர்ந்திருந்தாலே உங்களுக்குப் போதும்.

2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரில் ஒரு பிரிவினர் 12 வாரம், வாரம் இருமுறை தாய் சி செய்தார்கள். பிசியோதெரபி பெற்றவர்களுக்கு இணையாகவே அவர்களுக்கும் வலி குறைந்தது. ஆனால் வீக்கமோ சூடோ இருந்தால், மூட்டு பூட்டிக்கொண்டால், முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எந்தப் பாணியில் தொடங்குவது?

யாங் பாணியின் 24 அசைவுத் தொடர். 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை பொதுமக்களுக்காகச் சுருக்கித் தந்தது. முழுத் தொடருக்கும் ஐந்தாறு நிமிடம் போதும். ஹெனான் மாகாணத்தின் சென் கிராமத்தில் பிறந்த சென் பாணிதான் பழமையானது, அழகானதும்கூட. ஆனால் அதில் காலை ஓங்கி மிதிப்பதும் குதிப்பதும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் தொடங்குவதற்கு ஏற்றதல்ல. நிமிர்ந்து நின்று சிறு அடிகளாக வைக்கும் சுன் பாணி அவர்களுக்குப் பொருந்தும்.

கேள்வி: இவ்வளவு மெதுவாகச் செய்வதால் ரத்த அழுத்தம் குறையுமா? நடைப்பயிற்சியே போதாதா?

நடையை விட வேண்டாம். ஆனால் மெதுவாகச் செய்வதைக் குறைவாக எடை போடாதீர்கள். மடங்கிய ஒற்றைக் காலில் எடையை வைத்து நிதானமாக நகரும்போது தொடைத் தசைக்கு ஓய்வே கிடையாது. உயர் அழுத்தத்தின் விளிம்பில் இருந்த 342 பேரிடம் சீனாவில் ஓராண்டு நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. வாரம் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். மேல் அழுத்தம் தாய் சி குழுவில் சராசரியாக 7 புள்ளியும், ஏரோபிக் பயிற்சிக் குழுவில் 4.6 புள்ளியும் குறைந்தது. வாரத்தில் ஒருநாள் பூங்காவில் செய்துவிட்டு இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. மாத்திரையை நீங்களாகக் குறைக்கவும் கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, ஆரம்பநிலை பார்க்கின்சன். செய்ய வைக்கலாமா?

நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தாராளமாகச் செய்ய வையுங்கள். மிதமான நிலை வரையிலான பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் ஓரிகனில் 24 வாரம் நடத்திய ஆய்வு 2012-இல் வந்தது. உடலை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடத் தாய் சி செய்தவர்கள் கீழே விழுவது குறைந்தது.

முதலில் அசைவுத் தொடரே வேண்டாம். சுவரை ஒட்டிப் போட்ட கனமான நாற்காலியின் முதுகை இரு கையாலும் பிடித்து, தோளகலத்தில் கால் வைத்து நிற்கட்டும். எடையை மெல்ல வலப்பக்கம் கொண்டுபோய், இடது குதிகால் லேசாகும்வரை காத்திருந்து, திரும்பி இடப்பக்கம். பக்கத்துக்கு எட்டு முறை. இது சுலபமான பிறகு ஒரு கையால், பிறகு விரல் நுனியால் மட்டும் பிடிக்கலாம். பார்வை தரைக்குப் போகாமல் நேராக இருக்கட்டும். மருந்து நன்றாக வேலை செய்யும் நேரமாகப் பார்த்துச் செய்ய வையுங்கள். பக்கத்தில் ஓர் ஆள் எப்போதும் வேண்டும்.

கேள்வி: எந்த அசைவில் மூச்சை இழுப்பது, எதில் விடுவது?

முதல் சில மாதங்கள் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மூச்சைப் பிடித்து வைக்காதீர்கள், அது போதும். தோள் காதுப்பக்கம் ஏறினால் மூச்சு தானாகவே மார்போடு நின்றுவிடும். முழங்கையைத் தாழ்த்துங்கள், தோளும் இறங்கும்.

கேள்வி: ஓட்டப்பயிற்சி ஷூ போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். தடித்த, பிடிப்பான அடிப்பாகம் தரையைக் கவ்விக்கொள்ளும். குதிகாலில் திரும்பும்போது பாதம் சுழலாமல் முழங்கால் முறுக்கும். தட்டையான மெல்லிய அடிப்பாகம் உள்ள கேன்வாஸ் ஷூ நல்லது. வழவழப்பான டைல்ஸ் தரையில் சாக்ஸுடன் மட்டும் செய்யாதீர்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலுடனும் செய்யக் கூடாது.