ஆறு நட்டு என்றால் எல்லாம் ஒன்றில்லை, தம்பி

தம்பி, பாஸ் தன்னுடைய பழைய ஹைலக்ஸ் பிக்கப்புக்கு செகண்ட் ஹேண்ட் ரிம் (டயர் மாட்டும் சக்கரம்) வாங்கி வரச் சொன்னார், நட்டு அளவை எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே அறை வாடகை, ஊருக்குப் பணம் அனுப்புவது பற்றியும். அதெல்லாம் உங்கள் அறைக்காரர்களே சொல்லிவிடுவார்கள். ரிம்மைப் பற்றி மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள்.

நான் 2010-ல் சிங்கப்பூர் வந்த இரண்டாவது மாதமே இந்த வேலை என் தலையில் விழுந்தது. பத்து வருஷமாக இங்கே இருந்த ஊர்க்காரர் ஒருவர், "பிக்கப் எல்லாமே ஆறு நட்டுதான்டா, கண்ண மூடிட்டு வாங்கு" என்றார். நம்மாட்களில் சிலருக்குத் தெரியாது என்று சொல்ல வாயே வராது. மிட்சுபிஷி ட்ரைட்டன் பிக்கப்பிலிருந்து கழற்றிய ரிம் நான்கை டிஃபூ லேன் பக்கம் ஒரு கடையில் வாங்கி வந்தேன். தூக்கி வைத்தால் ஆறு துளையும் ஸ்டட்டுக்கு, அதாவது நட்டு முறுக்கும் போல்ட்டுக்கு, நேராக நிற்கிறது, ரிம் மட்டும் உள்ளே போக மாட்டேன் என்கிறது. ரிம்மின் நடுத்துளை 67 மில்லிமீட்டர், எங்கள் ஃபோர் வீல் டிரைவ் ஹைலக்ஸில் அந்தத் துளைக்குள் நுழைய வேண்டிய நடுக்குமிழ், ஹப், 106. கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை, சம்பளத்தில் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போனது.

அதனால் கழற்றி, அளந்து, பிறகு வாங்குங்கள். ஆறு ஸ்டட் என்றால் எதிரெதிரே உள்ள இரண்டின் நடுவுக்கு நடு அளந்தால் போதும். ஃபோர் வீல் டிரைவ் ஹைலக்ஸில் 139.7 மில்லிமீட்டர் வரும். நிசானின் டி40 நவாரா பிக்கப்பும் ஆறுதான், ஆனால் 114.3, அது இதில் ஏறாது. பழைய டூ வீல் டிரைவ் ஹைலக்ஸில் ஐந்து ஸ்டட்டும் உண்டு, அதில் ஒன்றுக்கு நேர் எதிரே இன்னொன்று இருக்காது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட் இரண்டின் நடுவுக்கு நடு அளந்து 1.7-ஆல் பெருக்குங்கள்; அளந்தது 67 என்றால் அது 114.3 ரிம். நடுத்துளையையும் மறக்காமல் பாருங்கள்.

அப்புறம் நட்டு. டொயோட்டாவின் அலாய் ரிம்முக்கு வாஷரோடு தட்டையாக உட்காரும் நட்டு, இரும்பு ரிம்முக்குக் கூம்பு நட்டு. மாற்றிப் போட்டால் ஓடும்போது தளரும். நிசான் நட்டு கைக்குக் கிடைத்தது என்று இதில் முறுக்காதீர்கள், அதன் மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர், நமக்கு 1.5, ஸ்டட்டே போய்விடும். மாட்டிய பிறகு மேற்குக் கோடி துவாஸிலிருந்து கிழக்குக் கோடி சாங்கி வரை ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு மறுபடி டைட் செய்யுங்கள். மட்கார்டை விட்டு வெளியே துருத்தும் ரிம்மைத் தொடவே தொடாதீர்கள், இன்ஸ்பெக்‌ஷனில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அன்று, தவறான ரிம்மோடு வந்தபோது, தவ்கே (முதலாளி) கத்தவில்லை. தன் டேப்பை என் சட்டைப் பையில் செருகி, "மெஷர் ஃபர்ஸ்ட் லா" என்றார், அவ்வளவுதான். இன்று நான் ஒரு பட்டறையில் நான்கு பேருக்குச் சூப்பர்வைசர், அந்த டேப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அந்த நான்கு ரிம்களைத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் பட்டறைக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தோம். சமையல்காரப் பாட்டி அதில் ஒன்றின் மேல் கறிவேப்பிலைத் தொட்டியை வைத்தார், நன்றாகத்தான் வளர்ந்தது.