டெலீட் ஃபார் மீ அமுக்கிட்டேன் அக்கா!

இந்த வாரம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல காலேஜ் பசங்களோடது, அதுலயும் எல்லாமே வாட்ஸ்அப் பஞ்சாயத்து. அதனால மாமியார் மருமகள் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளியாச்சு, யாரும் கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, நான் செகண்ட் இயர் படிக்கிறேன், ஊர் திருநெல்வேலி பக்கம்னு மட்டும் போட்டுக்கோங்க. எங்க கிளாஸுக்கு ரெண்டு குரூப், ஒண்ணுல சார் இருக்காரு, இன்னொண்ணுல இல்ல. எங்க சார் எதையும் டைப் பண்ண மாட்டாரு, எல்லாமே வாய்ஸ் நோட்தான், அதுவும் ஆறு நிமிஷம் ஏழு நிமிஷம், நடுவுல குக்கர் விசில் வேற கேக்கும். போன வாரம் அசைன்மென்ட் பத்தி ஒண்ணு போட்டாரு. நான் 'டூ எக்ஸ்ல வச்சாலும் சார் மெதுவாத்தான் போறாரு, குக்கர்தான் ஃபாஸ்ட்டு'ன்னு டைப் பண்ணி, கூட ஒரு வடிவேலு ஸ்டிக்கரும் போட்டுட்டேன், சார் இருக்கிற குரூப்ல! பதட்டத்துல டெலீட் ஃபார் எவ்ரிஒன்னுக்கு பதிலா டெலீட் ஃபார் மீ அமுக்கிட்டேன். என் போன்ல மட்டும் போயிடுச்சு, மத்த 61 பேர் போன்லயும் அப்படியே இருக்கு. ஒருத்தி அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ்ல வேற வச்சுட்டா. சார் ஒண்ணுமே சொல்லல, ஆனா அதுக்கப்புறம் வாய்ஸ் நோட்டே வரல, ரெண்டே வரி டைப் பண்றாரு. குரூப்லயே சாரி போடட்டுமா? இன்டர்னல் மார்க்ல கை வச்சுடுவாரோன்னு பயமா இருக்கு.

பதில்: படிச்சதும் சிரிச்சுட்டேன் தங்கச்சி, மன்னிச்சுக்கோ. குக்கர் வரி நல்லாவே இருக்கு, அதான் பிரச்சினையே. சுமாரா இருந்திருந்தா யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்க மாட்டாங்க.

மொதல்ல அந்த பட்டன் விஷயத்தை முடிச்சுடுவோம். டெலீட் ஃபார் மீ அமுக்கினதும் கீழ சின்னதா 'அன்டூ'ன்னு ஒண்ணு வருமே, அமுக்கினா அழிச்ச மெசேஜ் திரும்ப வந்துடும், 2022 டிசம்பர்ல உன்ன மாதிரி கை தவறினவங்களுக்காகவே கொண்டு வந்தது அது. ஆனா அஞ்சு செகண்டுதான் நிக்கும், பதட்டத்துல இருக்கிற கண்ணுக்கு எங்க தெரியப்போகுது. அதை விட்டாலும் இன்னொரு வழி இருந்துச்சு. குரூப் அட்மினால யார் போட்ட மெசேஜையும் எல்லார் போன்லருந்தும் தூக்க முடியும், உங்க கிளாஸ் ரெப்தானே அட்மினா இருப்பாங்க, அந்த நிமிஷமே ஒரு போன் போட்டிருந்தா 'அட்மின் நீக்கிட்டார்'னு ஒரு வரி மட்டும் நின்னிருக்கும். நீயே ஒழுங்கா டெலீட் ஃபார் எவ்ரிஒன் அமுக்கியிருந்தாலும் அழிச்ச தடம் நிக்கத்தான் செய்யும், 'என்னடி போட்ட'ன்னு ஆளாளுக்கு நோண்டியிருப்பாங்க, அது வேற கதை.

இப்போ சாருக்கு வருவோம். குரூப்ல சாரி போடாத. அன்னைக்குப் பாக்காம விட்ட பத்து பேரும் 'எதுக்கு சாரி'ன்னு மேல ஸ்க்ரோல் பண்ணி போய் பாப்பாங்க, அவரும் 61 பேர் முன்னாடி 'பரவாயில்லம்மா'ன்னு டைப் பண்ணியாகணும், அவருக்கு அது ரெண்டாவது சங்கடம். நேர்ல போ. ஸ்டாஃப் ரூம்ல நாலு பேர் இருக்கும்போது வேண்டாம், கிளாஸ் முடிஞ்சு அவர் சாக்பீஸ் கையைத் தட்டிக்கிட்டு வெளிய வருவாருல்ல, அப்போ. 'சார், அன்னைக்கு குரூப்ல அந்த மாதிரி போட்டது தப்பு, மன்னிச்சுக்கோங்க.' அவ்வளவுதான், நின்னு கதை சொல்லாத. முக்கியமா 'குரூப் மாறிப்போச்சு சார்'னு சொல்லிடாத. அப்படிச் சொன்னா உங்க முதுகுக்குப் பின்னாடி இப்படித்தான் பேசுவோம்னு நீயே வாக்குமூலம் கொடுத்த மாதிரி ஆயிடும். இன்டர்னல் மார்க்னு ஒரு வார்த்தை வாயில வந்தாலும் கேட்ட மன்னிப்பு அத்தனையும் மார்க்குக்குத்தான்னு நினைச்சுடுவாரு.

ஒண்ணு யோசிச்சுப் பாரு, குக்கர் விசில் கேக்குதுன்னா அவர் வீட்டு அடுப்படிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு காலேஜ் முடிஞ்ச நேரத்துல உங்களுக்கு அசைன்மென்ட் விளக்கிட்டு இருந்திருக்காரு. டைப் பண்ண கை வராத ஆளா இருக்கலாம். இப்போ ரெண்டு வரியா சுருங்கிட்டாருன்னா கோவத்தைவிட கூச்சம்தான் அதிகம்னு எனக்குத் தோணுது. நிஜமாவே உனக்கு அந்த வாய்ஸ் நோட் உபயோகமா இருந்துச்சுன்னா அதையும் சொல்லு, இல்லன்னா பொய்யா சொல்லாத.

அந்த ஸ்கிரீன்ஷாட் பொண்ணு விஷயம்தான் எனக்கு ஆறல. உனக்கு கை தவறுச்சு, அவளுக்கு எதுவும் தவறல, படம் எடுத்து, ஓரத்தை வெட்டி, மேல சிரிக்கிற எமோஜி ஒட்டி வச்சிருக்கா. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்துல போயிடும், சேவ் பண்ணி வச்சவன் போன்ல போகாது. அவகிட்ட நேரா 'ஏன்டி வச்ச'ன்னு கேளு. பதிலுக்கு 'சில பேரை நம்பினேன்'னு நீ ஒரு ஸ்டேட்டஸ் வச்சுடாத தாயே, தெருக்குழாய்ல குடத்தை வச்சுக்கிட்டு ஜாடை பேசினதுதான் இப்போ ஸ்டேட்டஸா வந்திருக்கு, அந்தச் சண்டை எதுவும் தீந்ததா நான் பாத்ததில்ல.

கேள்வி: ஃப்ரெண்டோட அப்பா திடீர்னு தவறிட்டாங்க. கிளாஸ் குரூப்ல சேதி வந்த அஞ்சு நிமிஷத்துல வரிசையா நாப்பது ஆர்.ஐ.பி. நான் எதுவும் போடாம பஸ் ஏறி அவன் ஊருக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா 'ஒரு வார்த்தை போடத் தோணலையாடா'ன்னு கேக்குறாங்க. தப்பா அக்கா? (கும்பகோணம் மாணவர்)

பதில்: கேக்குறவங்கள்ல எத்தனை பேர் பஸ் ஏறினாங்க தம்பி? துக்க வீட்டுலருந்து கிளம்பும்போது 'போயிட்டு வரேன்'னு சொல்லக்கூடாதுன்னு நமக்கு யாரும் கிளாஸ் எடுக்கல, பெரியவங்க பின்னாடி நின்னு பாத்துக் கத்துக்கிட்டோம். குரூப்ல அப்படிப் பாத்துக் கத்துக்க யார் இருக்கா, முதல் ஆள் எதைப் போட்டானோ அதையே நாப்பது பேரும் போடுவான். அன்னைக்கு அந்தப் பையன் சொந்தக்காரங்களுக்குத் தகவல் சொல்ல அந்த போனைத்தான் கையில வச்சிருந்திருப்பான், அதுல டிங் டிங்னு நாப்பது தடவை. போக முடியாதவங்க தனியா ஒரு வரி அனுப்பலாம், 'அப்பா விஷயம் கேள்விப்பட்டேன்டா, பதில் போட வேண்டாம், ஞாயித்துக்கிழமை வரேன்'னு. அந்த 'பதில் போட வேண்டாம்' இருக்கே, அதை மறக்கக் கூடாது. அப்புறம் உன் ஃப்ரெண்டுக்கு, பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் கிளம்பினப்புறம் ஒரு போன் பண்ணு, வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது அப்போதான்.

கேள்வி: புளூ டிக் வந்து மூணு மணி நேரம் ஆச்சு, ரிப்ளை இல்ல. ஆன்லைன்ல வேற இருக்கா. வேணும்னே பண்றாளா? (சேலம்)

பதில்: 2014 நவம்பர்ல அந்த நீலக் கலரு வந்திருக்காட்டி இந்தக் கடிதமே எனக்கு வந்திருக்காது. படிச்சான்னு தெரியுதே தவிர எங்க நின்னு படிச்சான்னு தெரியுதா, லேப்ல நிக்கலாம், அம்மா கூடவே இருக்கலாம். நீ என்ன அனுப்பினன்னு எழுதவே இல்லையே, வெறும் 'ம்'மா இருந்தா அவ என்னத்த சொல்லுவா? ரொம்பக் கஷ்டமா இருந்தா செட்டிங்ஸ்ல ரீட் ரெசிப்ட்டை ஆஃப் பண்ணிடு, அவ பாத்தது உனக்குத் தெரியாது, நீ பாத்தது அவளுக்கும் தெரியாது. குரூப்ல மட்டும் அது செல்லாது.

கேள்வி: ஃபேமிலி குரூப்ல சித்தப்பா, நம்ம தேசிய கீதத்தை யுனெஸ்கோ உலகத்துலயே சிறந்ததுன்னு அறிவிச்சுட்டதா போட்டாரு. ஃபேக் நியூஸ்னு லிங்க்கோட பதில் போட்டேன். 'பெரியவங்களுக்கே பாடமா'ன்னு ஒரே ரகளை. கடுப்புல குரூப்பை விட்டு வெளிய வந்துட்டேன், இப்போ அது பெரிய பிரச்சினை ஆயிடுச்சு. (மதுரை)

பதில்: அந்தக் கதை 2008லயே ஈமெயில்ல சுத்தினது தம்பி, அப்பவே யுனெஸ்கோ நாங்க அப்படி எதுவும் சொல்லலைன்னு மறுத்துடுச்சு. நீ சொன்னது சரி, சொன்ன இடம்தான் சரியில்ல. கொழுந்தியா, மாப்பிள்ளை, சம்பந்தி எல்லாரும் பாக்குற இடத்துல அவரைத் திருத்தினா அவர் செய்தியையா பாப்பாரு, மானத்தைத்தான் பாப்பாரு. தனியா போன் பண்ணி 'சித்தப்பா, மேல ரெட்டை அம்புக்குறி இருந்தா அது அஞ்சு கை மாறி வந்ததுன்னு அர்த்தம், ஒருதரம் பாத்துட்டு அனுப்புங்க'ன்னா கேட்டுப்பாரு, அடுத்த வாரம் அதையே குரூப்ல எல்லாருக்கும் அவர் பாடம் எடுத்தாலும் எடுப்பாரு. நைஸா வெளிய வந்தா அட்மினுக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சிருப்ப, உங்க வீட்டுல அட்மினே சித்தப்பாதானே! திரும்பச் சேத்துவிடச் சொல்லு, உள்ள போனதும் மியூட்ல 'ஆல்வேஸ்' போட்டு ஆர்க்கைவ் பண்ணிடு, ராத்திரி ஒரு தடவை எட்டிப் பாத்தா போதும். பாட்டியை ஆஸ்பத்திரில சேத்தாங்கன்னா சேதி அந்த குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கு நடுவுலதான் வரும்.