அகாதா கிறிஸ்டியை முடித்தாயிற்று. அதே காலத்தில் எழுதி மறக்கப்பட்ட பிரிட்டிஷ் துப்பறியும் நாவல்களை எப்படித் தேடுவது?

பிரிட்டிஷ் லைப்ரரி வெளியிடும் கிரைம் கிளாசிக்ஸ் வரிசையில் தொடங்குங்கள். முதல் புத்தகமாக ஜே. ஜெஃபர்சன் ஃபார்ஜியனின் 'மிஸ்ட்ரி இன் வைட்' போதும். 1937இல் வந்து மறக்கப்பட்டு, 2014 மறுபதிப்பில் விற்பனையில் சக்கைபோடு போட்டது. பனியில் சிக்கிய ரயிலிலிருந்து இறங்கி நடப்பவர்கள் ஒரு வீட்டை அடைகிறார்கள்: அடுப்பு எரிகிறது, தேநீர் தயார், ஆள் மட்டும் இல்லை. பின்பாதி கொஞ்சம் தொய்வுதான். அந்தத் தொடக்கத்துக்காக மன்னிக்கலாம்.

பழைய புத்தகக் கடையில் பெங்குவின் பதிப்பகத்தின் பச்சை அட்டைப் புத்தகங்களைத் துழாவுங்கள். 1935 முதல் குற்றக்கதைக்கு அவர்கள் கொடுத்த நிறம் அது. வாங்குமுன் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள், முதற்பதிப்பா மறுஅச்சா என்பது அங்கே இருக்கும். கடைசிப் பக்கங்களையும் எண்ணிவிடுங்கள். கொலையாளி யார் என்ற தாளே கிழிந்துபோன பிரதியால் என்ன பயன்?

பலர் ஏமாறுவது பெயர்களில். ஜான் ரோட், மைல்ஸ் பர்ட்டன் என்ற எழுத்தாளர்கள் இருவரும் ஒரே ஆள்தான், சிசில் ஸ்ட்ரீட் என்பவர். அமெரிக்கப் பதிப்புக்குத் தலைப்பையே மாற்றுவார்கள்: கிறிஸ்டியின் 'லார்ட் எட்ஜ்வேர் டைஸ்' அங்கே 'தர்ட்டீன் அட் டின்னர்'. பார்க்காமல் வாங்கினால் ஒரே கதைக்கு இருமுறை காசு.

இலவச மின்நூல் தேடுவோருக்கு: இந்தியாவில் காப்புரிமை, ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டு; பிரிட்டனில் 70. ஃபார்ஜியன் 1955இல் இறந்ததால் அவர் நாவல்கள் இங்கே 2016லேயே பொதுவுடைமை. மறுபதிப்பின் புதிய முன்னுரைக்கு இது பொருந்தாது.