பால்டர்ஸ் கேட்: ஆறு பேர் கொண்ட படை – வாசகர் கேள்வி பதில்

1998-இல் வெளிவந்த, பயோவேர் உருவாக்கிய பால்டர்ஸ் கேட் கணினி விளையாட்டின் முதல் பாகம் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில். பலரும் இப்போது ஆடுவது 2012-இல் வந்த என்ஹான்ஸ்டு எடிஷன் (மேம்படுத்திய பதிப்பு) என்பதால் அதையே மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். கதையின் முடிச்சுகளைத் தொடவில்லை.

கே: ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதியின் படிக்கட்டில் நிற்கும் டார்னெஷ் என்ற மந்திரவாதியிடமே ஆட்டம் முடிந்துவிடுகிறது. முதல் லெவலில் அவனை ஜெயிக்க முடியுமா? (திண்டுக்கல்)

முடியும். வாளை உருவிக்கொண்டு ஓடினால் மட்டும் முடியாது. பேச்சு முடிந்ததுமே அவன் மிரர் இமேஜ் போட்டுத் தன்னைப் போலப் பல உருவங்களை நிறுத்திக்கொள்வான். அடுத்தது ஹாரர். அது பலித்தால் உங்கள் ஆட்கள் கட்டுப்பாட்டை மீறிச் சிதறி ஓடுவார்கள். ஓடுகிறவர்களை மேஜிக் மிசைல் போட்டு ஒவ்வொருவராக முடிப்பான்.

உருவங்கள் சூழ்ந்திருக்கும்போது நீங்கள் அடிக்கும் அடி எவ்வளவு பலம் என்பது பெரிய விஷயமில்லை, எத்தனை அடி விழுகிறது என்பதே முக்கியம். வில்லுக்கு ஒரு ரவுண்டில் 2 அம்பு, டார்ட்டுக்கு 3 வீச்சு. தொடக்கத்திலேயே சேரும் தோழி இமோயெனிடம் குட்டை வில், உங்கள் மேஜ் (மந்திரவாதி) கையில் டார்ட், வழியில் சேர்ந்த மற்றவர்களிடமும் எறியக்கூடிய ஏதாவது ஒன்று இருக்கட்டும். பேச்சு முடிந்த நொடியில் பாஸ் போட்டு எல்லோரையும் அவன்மேல் ஏவுங்கள். மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது சின்னக் காயம் பட்டாலும் அந்த மந்திரம் வீண். அதனால்தான் ஒரே நேரத்தில் எல்லோரும் எய்வதைவிட, விட்டுவிட்டு அம்பு விழுந்துகொண்டே இருப்பது நல்லது. பெரிய காயம் ஒன்றால் ஆகாததைச் சின்னக் காயங்கள் நாலு செய்துவிடும்.

இதே முறை கடைசிவரை பெரும்பாலான மந்திரவாதிகளுக்கும் பொருந்தும்.

கே: தாக்கோ குறைந்தால் நல்லதா, கூடினால் நல்லதா? (காரைக்குடி)

குறைந்தால்தான் நல்லது. எதிரியை அடிக்கப் பகடையில் வேண்டிய எண்தான் தாக்கோ. ஆர்மர் கிளாஸும் அப்படியே, மைனஸுக்குப் போகப் போக உங்கள்மேல் அடி விழுவது குறையும். இந்த ஆட்டம் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) இரண்டாம் பதிப்பு விதிகளில் ஓடுகிறது, மூன்றாம் பாகத்தின் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள்.

கே: முதல் லெவல் மேஜுக்கு இருப்பது ஒரே ஒரு மந்திரம். மேஜிக் மிசைலா, ஸ்லீப்பா? (மதுரை)

ஸ்லீப். இதில் விவாதத்துக்கே இடமில்லை. மேஜிக் மிசைல் ஒரு எதிரிக்கு 2 முதல் 5 வரை சேதம் செய்யும், அவ்வளவுதான். ஸ்லீப் ஒரு கூட்டத்தையே படுக்க வைக்கும். தப்புவதற்கான பகடை எண்ணிலும் (சேவ்) எதிரிக்கு 3 குறைகிறது. தூங்குகிறவன்மேல் விடும் அடி தவறவே தவறாது. கோபால்ட், ஹாப்காப்ளின், ஜிப்பர்லிங், நோல், ஏன், முதல் நாட்களில் உங்களை ஒரே அடியில் சாய்க்கும் ஓகர்கூட இதற்கு விழும்.

பலிக்காத இடங்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எலும்புக்கூடு, கூல் போன்ற இறந்தவை தூங்குவதில்லை. எல்ஃப் இனத்தாருக்கு 90 சதவீதம் எதிர்ப்பு உண்டு. 4 லெவலுக்கு மேற்பட்டவர்களை ஸ்லீப் சீண்டக்கூட முடியாது. ‘ஸ்லீப் வேலை செய்யவில்லை, ஆட்டத்தில் கோளாறு’ என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்தக் கடைசி விஷயம்தான். ஆட்டத்தின் பாதியைத் தாண்டியதும் அந்த இடத்தில் வேறு மந்திரம் வையுங்கள்.

ஒரு உபரித் தகவல். ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதி இருக்கும் அதே வரைபடத்தில், கட்டடத்துக்கு வெளியே ஒரு மோதிரம் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. அணிந்த மேஜுக்கு முதல்நிலை மந்திரங்கள் இரட்டிப்பாகும். டேப் விசையை அழுத்தினால் தெரியாது, மரங்களைச் சுற்றி மவுஸை நிதானமாக நகர்த்தித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கே: சிறந்த ஆறு பேர் யார் யார்? பட்டியல் கொடுங்கள். (கோயம்புத்தூர்)

பட்டியலைவிட இடங்களைச் சொல்கிறோம். முன்னால் நின்று அடி வாங்க இரண்டு பேர், வில்லாளி ஒருவர், குணப்படுத்தும் கிளெரிக் ஒருவர், மேஜ் ஒருவர், பொறிகளைக் கண்டுபிடிக்கும் தீஃப் ஒருவர். நீங்கள் உருவாக்கும் நாயகன் இதில் எந்த இடத்தையும் பிடிக்கலாம். ஆனால் நாயகன் செத்தால் ஆட்டமே முடிந்துவிடும். மற்றவர்களைக் கோவிலுக்குக் கொண்டுபோய் உயிர்ப்பிக்க வழி உண்டு. நாயகனை மேஜாக வைக்கிறவர்கள் கான்ஸ்டிடியூஷனை (உடல் உறுதி) 16 வரையாவது கொடுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் போர்வீரர் அல்லாதவர்களுக்கு உயிர்ப்புள்ளியில் கூடுதல் லாபம் கிடையாது, அந்தப் புள்ளிகளை டெக்ஸ்டெரிட்டியில் (சுறுசுறுப்பு) போடுங்கள். டெக்ஸ்டெரிட்டி 18 என்றால் ஆர்மர் கிளாஸ் 4 குறையும்.

வில்லாளியை அலங்காரமாக நினைக்காதீர்கள். முதல் பாகத்தில் வில்தான் ராஜா. பெரகோஸ்டுக்கு மேற்கே ஹை ஹெட்ஜில் நிற்கும் கிவானைச் சேர்த்துக்கொண்டால் அந்தக் கவலை தீர்ந்தது. பிறகு கோரன் கிடைத்தால், டெக்ஸ்டெரிட்டி 20 உள்ள அவர் வில்லோடு பூட்டு திறக்கும் வேலையையும் சேர்த்துப் பார்ப்பார்.

கிளெரிக்குக்கு நஷ்கெல் திருவிழாத் திடலில் கல்லாக நிற்கும் பிரான்வென் போதும். அவரை மீட்கும் சுருள் அதே திடலிலேயே விற்பனைக்கு இருக்கிறது.

இரண்டு விஷயங்களில் பலரும் சறுக்குகிறார்கள். முதலாவது, ஜோடிகள். காலித்தும் ஜஹைராவும், மின்ஸ்க்கும் டைனஹெய்ரும், ஸார்ஸும் மான்டரோனும் ஜோடி. ஒருவரை அனுப்பினால் மற்றவரும் கிளம்பிவிடுவார். இரண்டாவது, குணம். உங்கள் நற்பெயர் ஏற ஏறக் கடையில் விலை இறங்கும், எட்வின், விக்கோனியா போன்ற தீய குணத்தாருக்கோ முகம் சுளிக்கும். ஒரு கட்டத்தில் விட்டுவிட்டே போய்விடுவார்கள். இரு தரப்பையும் கலந்து வைத்து கடைசிவரை கொண்டுபோக முயல்வது வீண் தலைவலி. எட்வினைச் சேர்க்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் கஞ்சூரர் என்ற தனிவகை மேஜ் என்பதால், பொருளின் மந்திர குணத்தை அறியும் ஐடென்டிஃபை மந்திரத்தைக் கற்கவே முடியாது.

கே: தீஃப் ஆன இமோயெனை எந்த லெவலில் மேஜாக மாற்றுவது? (ஈரோடு)

மாற்றிய பிறகு, புதிய லெவல் பழைய லெவலைத் தாண்டும்வரை தீஃப் திறமைகள் முடங்கிக் கிடக்கும். அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்பதுதான் கணக்கு. தீஃப் 4-இல் (5,000 எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி) மாற்றினால் மேஜ் 5 ஆக 20,000 வேண்டும். தீஃப் 5-இல் (10,000) மாற்றினால் மேஜ் 6-க்கு 40,000. தீஃப் 6-இல் (20,000) என்றால் மேஜ் 7-க்கு 60,000. தீஃப் 7-இல் (40,000) என்றால் மேஜ் 8-க்கு 90,000.

6-இல் நிறுத்திக்கொள்வதே எங்கள் சிபாரிசு. அதற்குள் கிடைக்கும் புள்ளிகளைப் பூட்டு திறத்தலிலும் பொறி கண்டுபிடித்தலிலும் மட்டும் போடுங்கள். பிக்பாக்கெட்டில் போட்டுச் சிதறடித்தால் பிறகு இரண்டுக்கும் இல்லாமல் போகும். இடைக்காலத்தில் பொறி பார்க்க வேறு ஆள் இல்லையென்றால் மாற்றவே வேண்டாம். கிடைக்கும் மந்திரச் சுருள்களை, அவர் மேஜான பிறகு மந்திரப் புத்தகத்தில் எழுதுவதற்காகச் சேர்த்து வையுங்கள், கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு சுருளுக்கும் எக்ஸ்பி உண்டு.

கே: நஷ்கெல் சுரங்கத்தில் நடுச்சண்டையில் வாள் உடைந்துவிட்டது. இது பிழையா? (தஞ்சாவூர்)

பிழையில்லை, கதையே அதுதான். அந்த வட்டாரத்து இரும்பு கெட்டுப்போயிருக்கிறது, சாதாரண இரும்பு ஆயுதம் எந்த நேரத்திலும் முறியலாம். மந்திர ஆயுதம் உடையாது. அது கிடைக்கும்வரை முன்வரிசைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆயுதத்தை விரைவு இடத்திலேயே செருகி வையுங்கள். மூட்டைக்குள் இருந்தால் தேடி எடுப்பதற்குள் சண்டை முடிந்துவிடும்.

சுரங்கத்தில் அதைவிடத் தொல்லை பாதை. ஒரு ஆள் அகலம்தான். ஆறு பேரையும் சேர்த்து நகர்த்தினால் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு, பின்னால் இருக்கிறவர் வேறு வழி தேடிச் சுற்றிப்போய் எதிரி நடுவில் நிற்பார். ஒற்றை வரிசை அணியைத் தேர்ந்தெடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். முதலில் பொறி தேடும் முறையில் தீஃப், ஓரடி பின்னால் கேடயத்தோடு ஒருவர். எதிரி கண்ணில் பட்டதும் தானாக நிற்கும்படி ஆட்டோ பாஸ் அமைப்பில் குறியிட்டு வைத்தால் பாதி விபத்துகள் குறையும். கோபால்ட் கமாண்டோக்கள் தீ அம்பு எய்வார்கள். அவர்களை முதலில் சாய்த்து அந்த அம்புகளைப் பொறுக்கிக்கொள்ளுங்கள், பிறகு வரும் பெரிய சண்டைகளுக்கு உதவும்.

கே: பாசிலிஸ்க்குகள் இருக்கும் தோட்டத்துக்கு எப்போது போகலாம்? ஒரே பார்வையில் எல்லோரும் கல்லாகிவிட்டார்கள். (சேலம்)

லெவல் 3, 4-இலேயே போகலாம், எல்லோரும் போகத்தான் கூடாது. புரொடெக்‌ஷன் ஃப்ரம் பெட்ரிஃபிகேஷன் முதல்நிலை மந்திரம்தான். அதை முன்வரிசை ஆள் ஒருவர்மேல் போட்டு, அவரை மட்டும் அனுப்புங்கள். மற்றவர்கள் வரைபடத்தின் ஓரத்தில் நிற்கட்டும். பாசிலிஸ்க்கின் கவனம் அவர்மேல் நிலைத்த பிறகு வில்லாளிக்கும் அதே பாதுகாப்பைப் போட்டு அழைத்துக்கொள்ளலாம். அவர் பக்கத்தில் மந்திரத்தின் அடையாளக்குறி மறைந்ததும் உடனே பின்வாங்க வையுங்கள். இங்கே ஆட்களை இழக்கிறவர்கள், ‘இன்னும் ஒரு அடிதான்’ என்று அந்த நேரத்தில் நின்றவர்கள்.

பலன் பெரிது. சின்ன பாசிலிஸ்க்குக்கு 1,400 எக்ஸ்பி, பெரியதற்கு 7,000. கூட்டத்தில் இருக்கும் தலைகளுக்கு இது பங்காகும் என்பதை மறக்க வேண்டாம். பெரியது ஒன்றுக்கு ஆறு பேருக்குத் தலைக்கு சுமார் 1,166, நாலு பேர் என்றால் 1,750. அங்கேயே ஒரு போட்டிக் குழுவும் திரிகிறது, பாசிலிஸ்க்கை முடித்த களைப்போடு அவர்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

கே: மூன்றாம் பாகம் ஆடிய பிறகு முதல் பாகம் சலிக்குமா? (சென்னை)

முதல் சில மணி நேரம் சலிக்கும். 2023-இல் லாரியன் வெளியிட்ட மூன்றாம் பாகத்தில் நாலே பேர், முறை வைத்து ஆடுவது, எதைத் தொட்டாலும் பதில். முதல் பாகத்தில் ஆறு பேர், நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், லெவல் 1-இல் ஓநாய் ஒன்றே போதும் உங்களை முடிக்க. தோழர்கள் இங்கே அதிகம் பேசுவதில்லை, கதை ஆழமும் இரண்டாம் பாகத்தில்தான் வருகிறது. ஆனால் வரைபடத்தில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் காலாற நடக்கலாம் என்ற சுதந்திரம் இதில்தான் அதிகம். பலவீனமான ஆறு பேர் உயிர் பிழைப்பதற்காகத் திட்டம் போடும் அந்தப் பதற்றமும் பின்னால் வந்த பாகங்களில் இந்த அளவுக்கு இல்லை.

கே: கிளோக்வுட் சிலந்திகளிடம் வலையில் மாட்டிக்கொண்டே இருக்கிறோம். வழி உண்டா? (திருநெல்வேலி)

உள்ளே போவதற்கு முன் விஷமுறிவு மருந்தை ஆளுக்கு இரண்டாவது வாங்குங்கள், கிளெரிக் ஸ்லோ பாய்சனை இரண்டு முறைக்கு மனப்பாடம் செய்திருக்கட்டும். பாதையில் வலைப்பொறிகள் அதிகம், தீஃப் முன்னால் போகாமல் ஓரடி வைக்காதீர்கள். ஃபேஸ் சிலந்திகள் மறைந்து மறைந்து தோன்றி நேராகப் பின்வரிசையில் குதிக்கும் என்பதால், அங்கே மட்டும் மேஜையும் கிளெரிக்கையும் போர்வீரர்களை ஒட்டியே நிறுத்துங்கள்.

சிலந்திகளின் தலைவி சென்டியோலின் கூட்டுக்குள் கிடக்கும் உடலில் ஸ்பைடர்ஸ் பேன் என்ற இருகை வாள் கிடைக்கும். அதை ஏந்தியவரை வலை பிடிக்காது. அதன்பின் உங்கள் மேஜின் வெப் மந்திரம்தான் உங்கள் சிறந்த ஆயுதம். எதிரிக் கூட்டத்தின்மேல் வெப்பை வீசி, வாள்காரரை மட்டும் உள்ளே அனுப்புங்கள். சிக்கி நிற்கிறவர்களை அவர் வெட்டுவார், மற்ற ஐந்து பேரும் வெளியே நின்று எய்வார்கள். வெப் நண்பன், பகைவன் பார்க்காது. அதனால் வீசும் முன் நம் ஆட்கள் எல்லோரும் வெளியே இருக்கிறார்களா என்று பாஸ் போட்டுப் பார்த்துவிட்டு வீசுங்கள்.